வாங்கிய அன்றே பறக்காது இந்த ஹெலிகாப்டர்! கள்ளக்குறிச்சியிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு கையேடு

திருவிழாக் கடையிலோ ஆன்லைன் தள்ளுபடியிலோ வாங்கிய குட்டி ஹெலிகாப்டர் ஒன்று, குழந்தைகள் இருக்கும் பல வீடுகளுக்கு ஒருமுறையாவது வந்துபோயிருக்கும். முதல் நாள் ஹாலில் ஜோராக எழும்பும். இரண்டாம் நாள் மின்விசிறியில் மோதும். மூன்றாம் நாள் வால் ஒடிந்து பரணுக்குப் போய்விடும். ‘இதுக்குப் போய் இவ்வளவு காசா!’ என்று அப்பா ஒரு பாட்டு விடுவார். அதோடு சரி.

ஆனால், அந்த பொம்மைக்கும் ‘ஆர்.சி. ஹெலிகாப்டர்’ என்று உலகம் முழுக்கப் பைத்தியமாகச் சிலர் பறக்கவிடும் மாடலுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. நிஜ ஹெலிகாப்டரில் இருக்கும் அத்தனை சமாசாரமும் இந்தச் சின்ன உடம்பில் உண்டு. பார்க்கப்போனால் நிஜ ஹெலிகாப்டரைவிட இதை ஓட்டுவது ஒரு விதத்தில் கஷ்டம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இடது எப்போதும் இடதுதான். தரையில் ரிமோட்டோடு நிற்பவருக்கு, ஹெலிகாப்டர் அவரைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலதாகிவிடும்!

தமிழ்நாட்டில் இந்தப் பொழுதுபோக்கைப் பலர் கேள்விப்பட்டதே நடிகர் அஜித் குமாரால்தான். பைக், கார் ரேஸ், துப்பாக்கி சுடுதல் என்று அவருடைய ஆர்வங்களின் பட்டியலில் ஏரோ மாடலிங்கும் உண்டு. ரிமோட் ஹெலிகாப்டரோடு மைதானத்தில் நிற்கும் அவர் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றாத நாளில்லை. 2018-ல் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘தக்‌ஷா’ மாணவர் குழுவுக்கு அவர் ஆலோசகரானார். அதே எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் ஏரோநாட்டிக்ஸ் படித்தார். பேராசிரியர் கே.செந்தில்குமார் வழிநடத்திய அந்தக் குழு, அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. போட்டியின் பெயர் ‘மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’. சாலை வழியாகப் போக முடியாத இடத்தில் இருக்கும் ஒரு ‘நோயாளி’யிடம் விமானம் தானாகப் போய் இறங்கி, ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த நோயாளி ஒரு பொம்மைதான். ஆனால், அந்தச் சூழ்நிலை கல்வராயன் மலைக்காரர்களுக்குப் புதிதல்ல.

கல்வராயன் மலைக்குப் பின்னால் வருவோம். முதலில் தரையில் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

துடைப்பத்தை உள்ளங்கையில் நிறுத்துவது போல...

துடைப்பக்கட்டையைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருக்கிறீர்களா? ஒரு நொடி கையை அசைக்காமல் விட்டால் விழுந்துவிடும். ஹெலிகாப்டரும் அப்படித்தான். விமானத்துக்கு இறக்கை இருக்கிறது. கையை எடுத்துவிட்டால்கூடக் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டு போகும். ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்கிற ஒவ்வொரு நொடியும் அதை யாராவது நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் வால். மேலே இருக்கும் பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால், உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு குட்டி விசிறி. மேல் விசிறிக்குக் கொடுக்கும் சக்தி கூடினாலும் குறைந்தாலும் வால் விசிறியும் அதற்கேற்ப மாற வேண்டும். ஒரு காலத்தில் இதைக் கையாலேயே செய்துகொண்டிருந்தார்கள். 1960-களின் கடைசியில் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் போன்றவர்கள் ரிமோட் ஹெலிகாப்டரை முதன்முதலாக ஒழுங்காகப் பறக்கவைத்தபோது, இன்றைக்கு இருக்கும் மின்னணு ஜைரோ எதுவும் கிடையாது. இப்போது நகத்தளவு சென்சார் ஒன்று நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வாலைத் திருத்துகிறது. அதனால்தான் நம் மாதிரி ஆட்களுக்கும் இந்தப் பொழுதுபோக்கு எட்டும் தூரத்தில் வந்திருக்கிறது.

பெரிய விசிறியின் இறக்கைகளை ‘பிளேடு’ என்பார்கள். பிளேடுகள் எந்தக் கோணத்தில் காற்றை வெட்டுகின்றன என்பதுதான் ஹெலிகாப்டரின் உயிர்நாடி. எல்லா பிளேடுகளின் கோணமும் ஒன்றாகக் கூடினால் மேலே ஏறும், குறைந்தால் இறங்கும். இதற்கு ‘கலெக்டிவ் பிட்ச்’ என்று பெயர். ஒரு சுற்றுக்குள்ளேயே ஒரு பக்கம் கோணம் கூடி, மறுபக்கம் குறைந்தால் ஹெலிகாப்டர் சாய்ந்து நகரும். இதைச் செய்வது விசிறிக்குக் கீழே இருக்கும் ‘ஸ்வாஷ் பிளேட்’ என்ற தட்டு. கையில் ஒரு மாடல் கிடைத்தால், பேட்டரி போடாமல் இந்தத் தட்டை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட இயற்பியல் பாடத்தில் தூங்கியவர்களுக்கும் அந்த நிமிடம் சுவாரஸ்யமாக இருக்கும்.

எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது?

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெரிய விசிறிகள் எதிரெதிராகச் சுற்றுபவை ‘கோஆக்சியல்’. கடையில் கிடைக்கும் பொம்மைகள் பெரும்பாலும் இவைதான். தானாகவே சமநிலையில் நிற்கும், கொஞ்சம் காற்றடித்தால் போய்விடும். ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு இது போதும். பழக வேண்டும் என்று நினைப்பவருக்கு இதில் கற்றுக்கொள்ள அதிகமில்லை.

அடுத்தது, ஒற்றை விசிறியும் வால் விசிறியும் கொண்ட, பிளேடு கோணம் மாறாத வகை. விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் ஏறி இறங்கும். இப்போது வரும் சிலவற்றில் உயரத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் சென்சாரும் இருக்கிறது. நான்கு திசைகளையும் விரல்களுக்குப் பழக்க நல்ல தொடக்கம்.

மூன்றாவதுதான் அசல். பிளேடு கோணம் மாறும் ‘கலெக்டிவ் பிட்ச்’ ஹெலிகாப்டர். இதிலேயே உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதான குட்டிகளும் உண்டு. உதாரணத்துக்கு, எக்ஸ்கே கம்பெனியின் கே110 என்ற மாடல் பேட்டரியோடு சேர்த்து 50 கிராம் சொச்சம்தான். விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எடை இல்லாததே அதன் பலம். பெரியவற்றை அளவை வைத்து 450, 500, 700 என்று வகைப்படுத்துவார்கள். 700 வகையில் ஒரு பிளேடு மட்டுமே ஏறக்குறைய 70 சென்டிமீட்டர்! பேட்டரி, ரிமோட், சார்ஜர் எல்லாம் சேர்த்தால் நல்ல புது பைக் ஒன்றின் விலையைத் தாண்டிவிடும்.

யூடியூபில் 700 வகை ஹெலிகாப்டர் தலைகீழாகப் பறந்து புல்லை வெட்டுவதைப் பார்த்துவிட்டு, ‘வாங்கினா இதுதான்’ என்று நேராக அங்கே போகிறவர்கள் உண்டு. வேண்டாம். அந்த வீடியோவில் நிற்பவர் வருடக்கணக்கில் உடைத்து உடைத்துப் பழகியவர். முதல் ஹெலிகாப்டர் 100 கிராமுக்குள் இருக்கட்டும்.

வாங்கும்போது ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: உதிரிபாகம் கிடைக்குமா? ஹெலிகாப்டரில் விழுவது விபத்தல்ல, பாடத்திட்டம். பிளேடு, நடுத்தண்டு, பிளேடைப் பிடிக்கும் மெல்லிய கம்பி, பெரிய பல்சக்கரம், வால் குழாய் ஆகியவை அடிக்கடி போகும். இவை கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டம்தான். வெளிநாட்டுத் தளங்களில் ஆர்டர் போடும் முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. ரிமோட்டில் பறப்பது எதுவாக இருந்தாலும் சுங்கத்தில் கேள்வி வரலாம். இந்தியாவுக்குள்ளேயே பில் கொடுத்து விற்கும் கடையில் வாங்குவது நிம்மதி.

செல்போனில் நூறு முறை விழுங்கள்

விழுவது பாடத்திட்டம் என்றால், செலவில்லாமல் விழ ஒரே இடம் சிமுலேட்டர். கம்ப்யூட்டர் இருந்தால் ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ் போன்றவை உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டிலும் ஆண்ட்ராய்டு போனில் ‘ஆப்சல்யூட் ஆர்.சி. ஹெலி சிம்’ போன்ற ஆப்கள் கிடைக்கின்றன. போன் திரையில் கட்டைவிரலைத் தேய்ப்பதும் நிஜ ரிமோட் குச்சியை அசைப்பதும் ஒன்றல்ல. முடிந்தால் கேபிள் வழியே நிஜ ரிமோட்டைப் போனோடு இணைத்துப் பழகுவது நல்லது. முடியாவிட்டாலும், எந்த விரல் எதற்கு என்ற கணக்கு மூளையில் ஏறிவிடும்.

அந்தக் கணக்கு இதுதான். பெரும்பாலான ரிமோட்டுகளில் இடது குச்சியை மேலே தள்ளினால் ஹெலிகாப்டர் ஏறும். இடம் வலமாக அசைத்தால் மூக்கு திரும்பும். வலது குச்சி முன்னே, பின்னே, பக்கவாட்டில் சாய்க்கும். இதை ‘மோட் 2’ என்பார்கள். சில ரிமோட்டுகளில் மாறியிருக்கும் என்பதால் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். பழகிய பிறகு மாற்றுவது, இடக்கையால் கையெழுத்துப் போடப் பழகுவதைவிடக் கொடுமை.

தினம் அரை மணி நேரம் வீதம் மூன்று, நான்கு வாரங்கள் சிமுலேட்டரிலேயே இருந்தால் போதும். அதில் பாதி நேரத்தை ஹெலிகாப்டர் உங்களைப் பார்த்து நிற்கும் நிலைக்குக் கொடுங்கள். எல்லோரும் தவிர்ப்பது அதைத்தான், எல்லோரும் நிஜத்தில் உடைப்பதும் அதில்தான்.

முதல் ஒரு மாதம் எங்கேயும் போகாதீர்கள்

நிஜ ஹெலிகாப்டரைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அதை எங்கேயும் அனுப்பாமல் இருப்பது. வால் உங்கள் பக்கம், மூக்கு எதிர்ப்பக்கம். முழங்கால் உயரத்துக்கு ஏற்றி, ஒரே இடத்தில் நிறுத்தப் பாருங்கள். ‘ஹோவர்’ என்பது இதுதான். பார்க்கிறவர்களுக்கு சப்பென்று இருக்கும். செய்கிறவருக்கு வியர்த்துவிடும். விரல்கள் குச்சியைப் பெரிதாகத் தள்ளக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் தள்ளு, உடனே விடு, மறுபடி தள்ளு. மூளைக்குத் தெரியாமல் விரல் இதைச் செய்யத் தொடங்கும் நாள் ஒன்று வரும். அதன் பிறகு வாலை வலப்பக்கம் வைத்து, இடப்பக்கம் வைத்து, கடைசியாக மூக்கை உங்கள் பக்கம் வைத்து நிறுத்திப் பழகலாம். எட்டு போடுவதெல்லாம் அப்புறம்.

கவிழாமல் இருக்க, கால்களுக்கு அடியில் பெருக்கல் குறிபோல இரண்டு நீளக் குச்சிகளைக் கட்டி, நுனிகளில் டேபிள் டென்னிஸ் பந்துகளைச் செருகிவிடுவது பழைய வித்தை. ஹெலிகாப்டர் சிலந்தி மாதிரி அசிங்கமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

செவ்வாய்க் கிரகத்தில் பறந்த ‘இன்ஜென்யூட்டி’ ஹெலிகாப்டர் தெரியும்தானே? 2021 ஏப்ரல் 19-ம் தேதி அது செய்த முதல் பயணம் என்ன தெரியுமா? மூன்று மீட்டர் மேலே எழும்பியது, அரை நிமிடம் நின்றது, இறங்கியது. மொத்தம் 39 நொடிகள். அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். நாசாவே ஹோவரில்தான் ஆரம்பித்தது!

375 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கத்தி

வீட்டிலிருக்கும் பெரியவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

450 வகை ஹெலிகாப்டரின் விசிறி விட்டம் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால், பிளேடின் நுனி மணிக்குச் சுமார் 375 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பிளேடு பெரும்பாலும் கார்பன் ஃபைபர். இதைக் கத்தி என்று சொல்வது மிகையல்ல. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு பூங்காவில் 700 வகை ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த 19 வயது இளைஞர், அதன் பிளேடு தலையில் பட்டு அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவர் புதியவரும் இல்லை. வித்தை காட்டத் தெரிந்தவர்.

50 கிராம் குட்டியால் இப்படி ஆகாது. கண்ணில் பட்டால் அதுவும் ஆபத்துதான். எனவே, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். குட்டி என்றால் ஐந்து மீட்டர், 450 என்றால் பத்து மீட்டருக்கு மேல் தள்ளி நில்லுங்கள். பறக்கும்போது சின்னப் பிள்ளைகள் ஓடிவரக் கூடாது, நாய் வரக் கூடாது, ‘அண்ணே, நான் ஒரு வாட்டி’ என்று தோளைத் தொடும் நண்பரும் வரக் கூடாது. ரிமோட்டில் மோட்டாரை உடனே நிறுத்தும் ‘த்ராட்டில் ஹோல்ட்’ சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டும் தெரிய வேண்டும். விழப்போகிறது என்று தோன்றிய நொடியில் காப்பாற்றப் போராடாமல் அந்த சுவிட்சைத் தட்டிவிடுங்கள். பிளேடு சுற்றாமல் விழுந்தால் சேதம் பாதிதான். முதலில் ரிமோட்டை ஆன் செய்து பிறகு ஹெலிகாப்டருக்கு பேட்டரி கொடுக்க வேண்டும். அணைக்கும்போது இதற்குத் தலைகீழ்.

பேட்டரியும் சாதாரணப்பட்டதல்ல. இவை லித்தியம் பாலிமர் வகை. ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். சில நாள் எடுக்காமல் வைப்பதென்றால் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். முழுக்க வற்றவிட்டால் செத்துவிடும், உப்பிவிட்டால் அடுத்து தீதான். இரவு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் செல்போனோடு நிற்கட்டும். சித்திரை வெயிலில் வண்டி பெட்டிக்குள் பேட்டரியை வைத்துவிட்டு டீக்கடையில் உட்காராதீர்கள். சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் இருந்தால் நல்லது. ஒரு பேட்டரிக்குப் பறக்கும் நேரம் ஐந்தாறு நிமிடங்கள்தான் என்பதால், கூடுதலாக இரண்டு, மூன்று வாங்கிக்கொள்வது எல்லோரும் கடைசியில் செய்கிற செலவு.

கள்ளக்குறிச்சியில் எங்கே பறக்கவிடலாம்?

2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் வெட்டவெளிக்குப் பஞ்சமில்லை. சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் பக்கமெல்லாம் அறுவடை முடிந்த வயல்களும் தண்ணீர் வற்றிய ஏரிகளும் இருக்கின்றன. நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். மேலே மின்கம்பி இருக்கக் கூடாது, பக்கத்தில் நெடுஞ்சாலை இருக்கக் கூடாது. கரும்புத் தோட்டத்துக்கு ஓரமாக மட்டும் நிற்காதீர்கள். ஆளுயரக் கரும்புக்குள் விழுந்த 50 கிராம் ஹெலிகாப்டரைத் தேடுவதும் வைக்கோற்போரில் ஊசி தேடுவதும் ஒன்று.

மாவட்டத்தில் உள்ள உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடக்கிறது. ‘ஓடுதளம்னா பறக்கத்தானே?’ என்று தோன்றும். அது அரசு நிலம். அனுமதி இல்லாமல் அங்கே போய் நிற்பது சரியல்ல.

அடுத்து எல்லோரும் நினைப்பது கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் போய், வெள்ளிமலை, கரியாலூர் என்று ஏறினால் படம் பிடிக்கத் தோன்றும் இடங்கள்தான். ஆனால், பழகுபவருக்கு மலை நல்ல ஆசிரியர் அல்ல. முதல் காரணம் காற்றின் அடர்த்தி. இந்த மலையில் சின்னக் கல்வராயன் பகுதி ஏறக்குறைய 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4,000 அடி. அந்த உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிட 8 முதல் 11 சதவிகிதம் லேசாக இருக்கும். கீழே சௌகரியமாக நின்ற ஹெலிகாப்டர் மேலே கொஞ்சம் திணறும், பேட்டரி சீக்கிரம் தீரும், இறங்கும்போது எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தரையைத் தொடும். செவ்வாயில் காற்று பூமியில் இருப்பதில் ஒரு சதவிகிதம்தான். அதனால்தான் 1.8 கிலோ எடையே உள்ள இன்ஜென்யூட்டிக்கு 1.2 மீட்டர் அகல விசிறிகள் இரண்டை நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் சுழற்ற வேண்டியிருந்தது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது, 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது.

இரண்டாவது, மலைச்சரிவில் காற்று நேராக வீசாது. சரிவில் ஏறி, மறுபக்கம் சுழன்று இறங்கும். மூடுபனி ஐந்து நிமிடத்தில் வந்து ஹெலிகாப்டரைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். கண்ணில் படாத ஹெலிகாப்டரை யாராலும் ஓட்ட முடியாது.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. மலைக்கிராமங்களில் வாழும் மக்களும் இருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கல்வராயன் மலையில் போலீஸ் சோதனை எத்தனை தீவிரமானது என்பது செய்தி படிப்பவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக்கூரைமேல் திடீரென்று ‘உய்ங்’ என்று ஒன்று பறந்தால், அது விளையாட்டுச் சாமானா, உளவு பார்க்க வந்ததா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முறையான அனுமதியோடு, ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் பறக்கவிட்டால் அது வேறு கதை.

லைசென்ஸ் வேண்டுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. 2021 ஆகஸ்ட்டில் வந்த மத்திய அரசின் ட்ரோன் விதிகளே ரிமோட் ஹெலிகாப்டருக்கும் பொருந்தும். 250 கிராம் வரை ‘நானோ’, அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’. நானோவுக்கும், வியாபாரத்துக்கு அல்லாத மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ மட்டும், கண் பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோ வரையிலான மாடல்களுக்கு ரகச் சான்றிதழிலிருந்தும் விலக்கு உண்டு. அதாவது 50 கிராம் குட்டியோடு தொடங்குபவருக்குப் பயமில்லை. எடை கூடினால் பதிவு எண் உள்ளிட்ட நடைமுறைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே பறக்கலாம் என்பதற்கு ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் போனிலேயே பார்க்கலாம். பச்சை என்றால் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. மஞ்சள் என்றால் கேட்க வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. தலைவர்கள் வருகை, திருவிழா சமயங்களில் உள்ளூர் காவல்துறை தற்காலிகத் தடை போடுவதும் உண்டு. உண்மையைச் சொன்னால், 400 அடி உயரத்தில் ஒரு குட்டி ஹெலிகாப்டர் கண்ணுக்கே தெரியாது.

இதனால் என்ன பிரயோஜனம்?

பிள்ளை கேட்டதும் அம்மா கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

ஜப்பானில் வயலுக்கு மருந்து அடிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது யமஹா கம்பெனி கண்டுபிடித்த வழி ரிமோட் ஹெலிகாப்டர்தான். 1987-ல் 20 கிலோ மருந்தைச் சுமக்கும் ‘ஆர்-50’ வந்தது. ட்ரோன் என்ற வார்த்தையே நம் ஊருக்கு வராத காலம் அது. இன்று மரவள்ளிக்கும் நெல்லுக்கும் மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் அந்த வயலோர யோசனையின் பேரப்பிள்ளைகள். மக்காச்சோளமும் கரும்பும் விளையும் கள்ளக்குறிச்சிக்கு இது தூரத்து விஷயமில்லை. வேலையாகச் செய்ய வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையத்தில் ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்க வேண்டும். தமிழ்நாடு அரசும் 2022-ல் ஆளில்லா வான்கலங்களுக்கென்றே தனிக் கழகம் தொடங்கியிருக்கிறது.

ட்ரோனுக்கும் ஹெலிகாப்டருக்கும் வித்தியாசம் உண்டு. ட்ரோன் கையை எடுத்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். யோசிக்கிற வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. ஜி.பி.எஸ். போன நிமிடத்தில் தடுமாறுபவர்கள் அதிலேயே பழகியவர்கள்தான். ஹெலிகாப்டரில் விரல் பழகியவர் அப்போது பதற மாட்டார்.

காசு செலவில்லாமல் தொடங்க ஒரு வழி இருக்கிறது. பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் சேரச் சொல்லுங்கள். ஏரோ மாடலிங் அங்கே பயிற்சியிலேயே இருக்கிறது, போட்டிகளும் நடக்கின்றன. அது இல்லாத ஊரில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குட்டி ஹெலிகாப்டர் வாங்கி, முறைவைத்துப் பழகலாம். ஒருவர் பறக்கவிடும்போது மற்றவர்கள் மெக்கானிக்குகள். உண்மையில் நேரம் அதிகம் போவதே மெக்கானிக் வேலையில்தான்.

ஆஸ்திரேலியாவில் அந்த பொம்மை நோயாளிக்காக நடந்த போட்டிக்கு வருவோம். மலைக்கிராமங்களில் பிரசவ வலி வந்த பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் டோலி கட்டித் தூக்கி வரும் செய்திகள் தமிழ்நாட்டில் இன்னும் நிற்கவில்லை. ரத்த மாதிரியும் விஷமுறிவு மருந்தும் மலைக்கு மேலே பறந்து போக வேண்டுமானால் இயந்திரம் மட்டும் போதாது. சரிவில் காற்று எப்படித் திரும்பும், மூடுபனி எந்த நேரத்தில் இறங்கும் என்று தெரிந்த உள்ளூர்க் கை ஒன்று ரிமோட்டில் இருக்க வேண்டும். கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ பிறந்த ஒரு பிள்ளைக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

கடைசியாக, எப்போது தொடங்கலாம்? ஆடியில் வேண்டவே வேண்டாம். அம்மியையே பறக்கவிடும் காற்று 50 கிராமை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். தை, மாசியில் விடிந்து ஒரு மணி நேரம் இந்தப் பக்கத்தில் இலை அசையாது. அறுவடை முடிந்த வயலும் கிடைக்கும். அதுவரை போனில் சிமுலேட்டரை இறக்கி, ஹெலிகாப்டரை உங்களைப் பார்த்து நிற்கவைக்கப் பழகிக்கொண்டிருங்கள்.